பதினோராம் பக்கத்துத் திருத்தம்

எங்கள் பதிப்பகத்தில் கமா அக்கா என்றால் வாசலில் நிற்கும் காவல்காரர் வரைக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்தது. தினமும் காலை ஒன்பதரைக்கு அதன் எதிரே அவளே கையெழுத்துப் போடுவாள். அதோடு அந்தப் பெயருக்கு அன்றைய வேலை முடிந்துவிடும்.

அவள் செய்த வேலை காப்பி படிப்பது. மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் கையில் ஆசிரியரின் கையெழுத்துப் பிரதி, என் கையில் கம்போஸ் ஆகி வந்த புரூஃபும் ஒரு சிவப்புப் பேனாவும். அவள் வாய்விட்டுப் படிப்பாள். நான் கேட்டுக்கொண்டே புரூஃபில் விரலை ஓட்டி, மாறியிருக்கும் இடத்தைத் திருத்துவேன். சொற்களை மட்டும் படித்தால் போதாது, புள்ளி, கமா, அடைப்புக்குறி எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். இருபத்தெட்டு வருஷம் இப்படிப் படித்ததில் அவளுக்குச் சாதாரணப் பேச்சிலேயே கமா ஒட்டிக்கொண்டது. "தம்பி கமா அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்து" என்பாள், தான் சொன்னது தெரியாமலே. நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

இந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம். புரூஃப் பார்ப்பவன் பிரதியை எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் பிரதிக்கும் புரூஃபுக்கும் அலைந்து இரண்டிலும் தப்பு விட்டுவிடும் என்பது முதலாளியின் கட்சி. அதனால் படிப்பவள் வாயிலிருந்து வருவது எனக்கு வேதவாக்கு. எங்கள் மேசையில் எட்டிப் பார்த்தும் பயனில்லை. அந்தக் கையெழுத்தை அக்காவைத் தவிர இந்த உலகத்தில் யாராலும் படிக்க முடியாது. கம்போஸ் செய்யும் பெண் பாதி படித்தும் பாதி ஊகித்தும் அடித்து அனுப்புவாள். மீதியை அக்காவின் குரல் சரிசெய்யும்.

அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரர் அவள் புருஷன். மாணவர்களுக்கான ஆங்கிலம்-தமிழ் அகராதி எங்கள் பதிப்பகத்துக்குச் சோறு போட்ட புத்தகம். அதை எழுதியவர் அவர். நேரில் அகராதி சார் என்போம். முதுகுக்குப் பின்னால் அகராதி பிடித்தவர் என்போம். கல்யாணம் நடந்த கதையை அவரே வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வார்.

"டாக்டர் கிறுக்குறது கம்பவுண்டருக்குத்தான் புரியும். நான் கம்பவுண்டரையே கட்டிக்கிட்டேன். சம்பளம் மிச்சம்."

சொல்லிவிட்டு அக்காவைப் பார்ப்பார். அவள் பிரதியில் விட்ட இடத்தை விரலால் பிடித்தபடி, நாங்கள் சிரித்து முடிக்கக் காத்திருப்பாள்.

அவருடைய அகராதி ஏன் விற்றது என்று சொல்லாமல் விட்டால் அக்காவின் வாழ்க்கை புரியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கொடுத்து, எப்படிப் பயன்படுத்துவது என்று காட்ட ஒரு வாக்கியமும் கொடுப்பார். முதல் பதிப்பில் நல்ல பிள்ளை மாதிரிதான் எழுதினார். சூரியன் உதிக்கிறது, மாணவன் படிக்கிறான். யாரும் வாங்கவில்லை. இரண்டாம் பதிப்பில் எரிச்சலில் 'கருக்கு' என்று பொருள் வரும் ஆங்கிலச் சொல்லுக்கு "என் மனைவி தண்ணீரைக்கூடக் கருக்கிவிடுவாள்" என்று எழுதினார். அந்தப் பக்கத்தைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்தார்கள், ஆசிரியர்கள் வகுப்பில் படித்துக் காட்டினார்கள். அப்புறம் என்ன, கெட்ட சொல் எது வந்தாலும் அதற்குள் என் மனைவி நுழைந்துவிடுவாள். குறட்டை விடு, மற, உளறு, வழுக்கி விழு. 'வருந்து' என்ற சொல்லுக்கு அவருடைய கல்யாண நாள். 'தப்பி' என்ற சொல்லுக்கு, "ஞாயிற்றுக்கிழமையும் அலுவலகம் திறந்திருந்தால் நான் முழுதாகத் தப்பித்திருப்பேன்."

அக்காவுக்குக் கால் வீங்கி, செருப்பு போட முடியாமல் நொண்டிக்கொண்டு வந்த வாரத்தில் 'வீங்கு' வந்தது. "என் மனைவியின் கால் வீங்கியிருக்கிறது; நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை." மேசைக்கு அடியில் ஒரு முக்காலியில் காலைத் தூக்கி வைத்தபடி அவள் அதைப் படித்தாள், செமிகோலனை விடாமல். நான் சிரித்துவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது, அந்த மேசையில் இருந்த பதினொரு வருஷமும் நான் சிரித்தேன். அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லாததால் அவர் வாக்கியங்கள் இரண்டு மடங்கு வேடிக்கையாக இருக்கும்.

ஒரே ஒரு முறைதான் சிரிக்கவில்லை. 'குறைபாடு' என்ற பொருளில் ஒரு சொல் வந்தது. "எங்கள் வீட்டில் குழந்தை இல்லை கமா ஆனால் குறை என்னிடம் இல்லை ஃபுல்ஸ்டாப்" என்று அக்கா படித்தாள். படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அடுத்த சொல்லுக்குப் போனாள். இதை எடுத்துவிடலாமா என்று முதலாளியே கேட்டார். "பசங்களுக்கு மனசுல நிக்கும்" என்றார் அகராதி சார். மூன்று பதிப்பு நின்றது.

இவ்வளவையும் எதை நம்பிப் பொறுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். அவளே சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் டீ குடிக்கும் நேரம். நான் சும்மா இருக்காமல், "சார் உங்களைப் பத்தி ஒரு நல்ல வாக்கியம்கூட எழுதலையேக்கா" என்றேன். நக்கலாகத்தான் கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "தம்பி, அட்மயருக்கும் ப்ரெய்ஸுக்கும் என்ன வித்தியாசம், சொல்லு பார்ப்போம்."

"ரெண்டும் பாராட்டுறதுதானே."

"இல்ல. ப்ரெய்ஸ்னா வாயைத் திறந்து புகழணும், அடுத்தவங்க காதுல விழணும். அட்மயருக்கு அது வேணாம். ஒருத்தர்கிட்ட இருக்கிற ஒரு நல்லதைப் பார்த்து, பொறாமைப்படாம, அதைத் தனக்குன்னு கேக்காம, உள்ளுக்குள்ளயே மெச்சுறது. சொன்னாலும் அட்மயர்தான், சொல்லலைன்னாலும் அட்மயர்தான். இதை நான் சொல்லலை, பதினோராம் பக்கத்துல அவரே எழுதியிருக்கார்."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "அவர் என்னை ஒரு நாளும் ப்ரெய்ஸ் பண்ணினதில்ல. அது ஊரறிஞ்சது. அட்மயர் பண்றாரா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? இன்னொருத்தர் கையில அவர் பிரதியைக் கொடுத்ததே இல்ல, கவனிச்சியா?"

கவனித்திருந்தேன். பிரதியை வேறு யாராலும் படிக்க முடியாது என்பதையும் கவனித்திருந்தேன். அதை மட்டும் நான் சொல்லவில்லை. என் வாழ்நாளில் நான் அவளுக்குச் செய்த உபகாரம் அது ஒன்றுதான்.

அகராதி சாருக்கு வயதாகிவிட்டது, கண்ணும் மங்கியது. அடுத்த பதிப்போடு அவர் ஓய்வு பெறுகிறார், கூடவே அக்காவும் போகிறாள் என்று முடிவானது. அதற்குப் பிறகு கணினியில் நேராக எழுதுகிறவர்களை வைத்துக்கொள்வதாக முதலாளியின் திட்டம். கடைசிப் பதிப்பு கொண்டாட்டமாக இருக்க வேண்டும், பழைய உப்புச்சப்பில்லாத வாக்கியங்கள் இன்னும் எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றனவோ அங்கெல்லாம் மனைவி வாக்கியம் போடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். 'அட்மயர்' அப்படிப்பட்ட ஒரு சொல். அதற்குக் கீழே முதல் பதிப்பிலிருந்தே "நாங்கள் அந்தப் பாலத்தைக் கண்டு வியந்தோம்" என்று ஒரு வாக்கியம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

"பாலம் போகப்போகுது" என்றாள் அக்கா என்னிடம். அன்றைக்கு அவள் தலையை அழகாக வாரியிருந்தாள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. "மனைவி வாக்கியம்தான் போடணும்னு முதலாளி சொல்லிட்டார். அட்மயர்ல மனைவியைப் போட்டா வேற எப்படி எழுத முடியும், சொல்லு."

வேறு எப்படி எழுத முடியும் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தோன்றவில்லை.

பதினோராம் பக்கத்தின் புரூஃப் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். மேலே இருந்த சொற்கள் ஓடின. 'அட்மயர்' வந்தது. "மெச்சு கமா உள்ளூர வியந்து மதி ஃபுல்ஸ்டாப்" என்று பொருளைப் படித்தாள். அப்புறம் நின்றாள்.

பதினொரு வருஷத்தில் ஒரு சொல்லின் நடுவில் அவள் நின்றதே இல்லை. இருமல் வந்தால்கூட முற்றுப்புள்ளி வரை அடக்கி வைத்து அப்புறம்தான் இருமுவாள். நான் புரூஃபைப் பார்த்தேன். கம்போஸ் பெண் இந்த இடத்தைத் தப்பில்லாமலே அடித்திருந்தாள். "நான் என் பக்கத்து வீட்டுக்காரரை மெச்சுகிறேன்; அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை." மனைவி என்ற சொல்லே இல்லாமல் ஒரு மனைவி வாக்கியம். கெட்டிக்காரர்தான்.

அக்கா படித்தாள். "நான் என் மனைவியை மெச்சுகிறேன் ஃபுல்ஸ்டாப்."

"அக்கா, இங்க வேற மாதிரி இருக்கே."

"கம்போசிங்ல ஊகிச்சு அடிச்சிருப்பா."

ஊகத்தில் இப்படி ஒரு கிண்டல் வராது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அவள் என்னைப் பார்க்கவில்லை. விரல் மட்டும் பிரதியில் அந்த வரியை அழுத்திப் பிடித்திருந்தது, நகம் வெளுத்துப்போகிற அளவுக்கு. நான் புரூஃபில் பக்கத்து வீட்டுக்காரரை அடித்தேன். ஓரத்தில் சிவப்பில் அவள் சொன்னதை எழுதினேன். அவள் அடுத்த சொல்லுக்குப் போனாள். குரல் எப்போதும் போல இருந்தது.

புத்தகம் அச்சாகி வந்தது. ஐயாயிரம் பிரதி. பைண்டிங் கூடத்திலேயே கட்டுகளை ஓரமாகத் தள்ளி, நாற்காலி போட்டு, மாலை நான்கு மணிக்கு ஒரு சிறிய விழா. முதலாளி புத்தகத்தைக் கையில் எடுத்தார். "சாரோட புது வாக்கியம் ஒண்ணு படிக்கிறேன், கேளுங்க" என்று முன்பக்கமாகவே பிரித்தார். பதினோராம் பக்கம் எப்படி அவர் விரலில் மாட்டியது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"நான் என் மனைவியை மெச்சுகிறேன்" என்று படித்தார்.

கூடத்தில் எல்லோரும் மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். மிச்சம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் பைண்டர் முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சார் எழுதிய கிண்டல்களிலேயே இதுதான் பெரிய கிண்டல் என்று அவர்களுக்குத் தோன்றியது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதலாளி வாயைத் திறந்தபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அது அணைந்ததையும் பார்த்தேன். அவளை விட்டுவிட்டு என் கண் வேறு எங்கேயாவது போயிருக்கலாம்.

சிரிக்காதவர் இன்னொருவர், அகராதி சார். "இதை நான் எழுதலையே" என்றார்.

விழா அப்படியே விசாரணை ஆனது. பழைய புரூஃபைத் தேடி எடுத்து வந்தார்கள். ஓரத்தில் சிவப்பு மை, என் கையெழுத்து. முதலாளி என்னைப் பார்த்தார்.

"யாருய்யா இது? ஒரு வாக்கியத்தையே மாத்தியிருக்கே."

நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தூக்கக் கலக்கம், கவனிக்கவில்லை, பழைய பதிப்பு என்று நினைத்துவிட்டேன், எதையாவது. திட்டுவார்கள். வேலை போயிருக்கும் என்று அப்போது நினைத்தேன், இப்போது நினைத்தால் போயிருக்காது. போயிருந்தாலும் என்ன. அவள் எனக்கு ஒன்றும் உறவில்லை, பதினொரு வருஷம் எதிரே உட்கார்ந்து தம்பி என்று கூப்பிட்டதைத் தவிர.

"அக்கா படிக்கிறதைத்தான் நான் போடுறேன், சார்" என்றேன்.

எல்லோரும் கடைசி வரிசைக்குத் திரும்பினார்கள். அக்கா எழுந்து நின்றாள், வகுப்பில் கேள்வி கேட்டால் நிற்பது போல.

"ஏன் அப்படிப் படிச்சே?" என்று கேட்டார் அவள் புருஷன். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க பொருள்ல எழுதியிருக்கீங்களே. வாய்விட்டுச் சொல்ல வேணாம், உள்ளுக்குள்ள இருந்தாலே போதும்னு. அதான், உள்ள இருக்கிறதைப் படிச்சேன்."

யாரோ சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். அகராதி சார் தலையை ஒரு பக்கம் சாய்த்து யோசித்தார். பாடம் நடத்தும்போது அவர் அப்படித்தான் செய்வார், மாணவனுக்கு எந்த இடத்தில் புரியவில்லை என்று கண்டுபிடிப்பதற்காக.

"பொருள் சரிதான்" என்றார். "பிரயோகம்தான் தப்பு. உள்ளே இருந்தா எப்பவாவது ஒரு தடவை தப்பித்தவறியாவது வெளியே வரும். பதினாலாயிரம் வாக்கியம் எழுதியிருக்கேன். நீதானே எல்லாத்தையும் படிச்சே. எங்கயாவது வந்துச்சா?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். இருபத்தெட்டு வருஷத்துப் பக்கங்களை அந்த இடத்திலேயே நின்று புரட்டினாள். உதடு லேசாக அசைந்தது.

"வரலை" என்றாள்.

"அப்ப இல்லைன்னு அர்த்தம். உட்காரு."

உட்கார்ந்தாள்.

திருத்தச் சீட்டு அடித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டிவிடலாம் என்று முதலாளி சொன்னார். பைண்டரின் ஆட்கள் இரண்டு நாளில் முடித்துவிடுவார்களாம். "அவங்களுக்கு எதுக்குக் கஷ்டம்" என்றார் அகராதி சார். "இவளே ஒட்டட்டும். வாய் பண்ணின தப்புக்குக் கை வேலை செய்யட்டுமே." இதற்கு மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். கூடம் பழைய நிலைக்கு வந்ததில் அவர்களுக்கு நிம்மதி. நானும் சிரித்தேனா என்று கேட்காதீர்கள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அக்கா வழக்கம் போலக் கையெழுத்துப் போட்டாள். சீட்டு என்றாலும் அச்சுக்குப் போவதுதானே, புரூஃப் பார்த்தாக வேண்டும். சீட்டின் வாசகத்தை அவர் முந்தின சாயங்காலமே தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டார். அதைப் படிக்க அவளைத் தவிர ஆளில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு அவள் என்ன படித்தாலும் போடுவது என்று முடிவு செய்திருந்தேன். அந்தச் சீட்டில் அவரைத் திட்டிப் படித்தாலும் போட்டிருப்பேன். ஐயாயிரம் பிரதியிலும் அது போயிருக்கும். முந்தின நாள் வராத தைரியம் எனக்கு ராத்திரி படுக்கையில் வந்திருந்தது, யாருக்கும் பிரயோஜனமில்லாத நேரத்தில்.

"அக்கா, நீங்க எப்படிப் படிச்சாலும் சரி" என்றேன் மெதுவாக.

அவள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தம்பி என்று கூப்பிட்ட பார்வையும் இல்லை.

"தெரியும். நான் படிக்கிறதைத்தானே நீ போடுறே."

விரலை வரியின் மேல் வைத்தாள். படித்தாள்.

"பக்கம் பதினொன்று கமா அட்மயர் என்ற சொல்லின் கீழ் கமா நான் என் மனைவியை மெச்சுகிறேன் என்று தவறுதலாக அச்சாகியுள்ளது ஃபுல்ஸ்டாப். நான் என் பக்கத்து வீட்டுக்காரரை மெச்சுகிறேன் செமிகோலன் அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று திருத்திப் படிக்கவும் ஃபுல்ஸ்டாப்."

ஒரு எழுத்து மாறவில்லை. புரூஃபில் தவறுதலாக என்ற சொல்லுக்கு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. அதைக் கவனிக்காமல் நான் தாண்டிவிட்டேன்.

"தவறுதலாக" என்று அவள் நிறுத்தி இன்னொரு முறை படித்தாள். "சரியா இருக்கான்னு பாரு தம்பி. தப்பா போயிடக் கூடாது."

திருத்தினேன்.

"இப்ப புரூஃப்ல கையெழுத்துப் போடு" என்றாள். "பைண்டர் பசை கரைச்சு வச்சுட்டார். காய்ஞ்சுடும்."